எடமாமே சாலட்டுக்கு எந்தப் பயறு? பாக்கெட்டா, மொச்சையா, துவரங்காயா

மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. பொங்கலுக்கு வந்தவள், "எம்மா, இங்க எடமாமே கிடைக்குமா? எங்க ஆபீஸ் கேன்டீன்ல அதுல ஒரு சாலட் போடுவாங்க, பத்து நிமிஷத்துல பண்ணிரலாம்" என்றாள். கரிநாளுக்கு மறுநாளே பஸ் ஏறிப் போய்விட்டாள். எனக்குத்தான் அது மண்டைக்குள் கிடந்து குடைந்துகொண்டே இருந்தது. பத்து நிமிடம் என்று அவள் சொன்னது கலக்குகிற நேரம். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு அந்தப் பயறைத் தேடுகிற நேரத்தை அவள் கணக்கில் சேர்க்கவில்லை.

தை கடைசியில் ஆரம்பித்து மாசி முடிவதற்குள் ஐந்தாறு விதமாகச் செய்து பார்த்துவிட்டேன். ருசி பார்க்க வீட்டில் ஆள் இருந்தது. என் மாமனாருக்கு எழுபத்தெட்டு வயது, பல்செட்டு, பிரஷர் மாத்திரை. பயறு வெந்ததா வேகவில்லையா என்பதை அவர் அளவுக்குக் கறாராகச் சொல்ல யாராலும் முடியாது.

முதலில் எடமாமே என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால்தான் எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது புரியும். அது தனிச் சாதி எதுவும் இல்லை. சோயா பீன்ஸ்தான். முற்றிக் காய்ந்து மஞ்சளாவதற்கு முன்பு, காய்க்குள் மணி நிறைந்து, ஆனால் பச்சை மாறாமல் இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள். ஜப்பானிய மொழியில் 'எடா' என்றால் கிளை, 'மாமே' என்றால் பயறு. கிளையோடு சேர்த்து வெட்டி விற்றதால் வந்த பெயர். சீனாவில் இதையே 'மாவ்தோ' என்கிறார்கள், அதாவது மயிர்ப்பயறு. தோலில் பூனைமுடி போல ரோமம் இருக்கும். தோலைத் தின்பதில்லை. உப்புத் தண்ணீரில் காயோடு அவித்து, பல்லில் வைத்து இழுத்தால் மணி வாய்க்குள் வந்துவிடும், தோல் கையில் நின்றுவிடும்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பொறி தட்டியது. அதைக் கொஞ்சம் பிறகு சொல்கிறேன். முதலில் பாக்கெட்.

நம் நாட்டில் சோயா பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளைகிறது. அதுவும் எண்ணெய்க்கும் புண்ணாக்குக்கும் என்று காய்ந்த பிறகுதான் அறுப்பார்கள். பச்சைச் சோயாக் காய் நயினார்குளம் மார்க்கெட்டுக்கோ மகாராஜநகர் உழவர் சந்தைக்கோ வந்து நான் பார்த்ததில்லை. ஆகவே எடமாமேதான் வேண்டும் என்றால் உறைய வைத்த பாக்கெட் ஒன்றே வழி. இதில் இரண்டு வகை உண்டு: காயோடு இருப்பது, உரித்த மணி. சாலட்டுக்கு உரித்ததை வாங்குங்கள். காயோடு வாங்கினால் எடையில் பாதி தோலாகவே போய்விடும். அது கொறிப்பதற்குச் சரி.

பாக்கெட்டின் பெரிய வசதி, பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். உறைய வைப்பதற்கு முன்பே கொதிநீரில் போட்டு எடுத்துவிடுவதால், வீட்டில் மூன்று முதல் ஐந்து நிமிடம் கொதித்தாலே போதும். மகள் சொன்ன பத்து நிமிடக் கணக்கு இதற்கு மட்டும்தான் பொருந்தும். புரதமும் இதில்தான் அதிகம்: வேகவைத்த நூறு கிராமில் ஏறக்குறைய 12 கிராம். பச்சைப் பட்டாணியில் 5 கிராம்தான்.

சங்கடம் எங்கே என்றால், வந்து சேருகிற விதத்தில். ஆன்லைனில் ஒரு கடையில் முதல் பாக்கெட் வரவழைத்தேன். வந்தபோது உள்ளே குளிர்ச்சி மட்டும்தான் இருந்தது, உறைநிலை இல்லை. பிழிந்துவிட்ட துணி போலக் கசங்கிக் கிடந்தது. அவித்துப் பார்த்தேன். தோல் தனியாக, மணி தனியாகக் கழன்று மாவாக இருந்தது. இரண்டாவது பாக்கெட்டை நேரில் போய் வாங்கினேன். கடையிலேயே பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். மணிகள் கலகலவென்று தனித்தனியாக ஓடினால் நல்லது. ஒரே கட்டியாக, உள்ளே பனிப்பாளத்தோடு இருந்தால் நடுவில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். விலையும் பட்டாணிப் பாக்கெட்டைப் போல இல்லை, யோசிக்க வைக்கிற விலை. மாதம் ஒருமுறை வாங்கலாம், வாராவாரம் எனக்குக் கட்டாது.

"அதே சோயாதானே, பலசரக்குக் கடையில் காய்ந்தது மலிவாகக் கிடைக்கிறதே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இரவு ஊறப்போட்டு, காலையில் குக்கரில் வைத்து இறக்கினேன். வெளிறிய மஞ்சள் நிறம், ஒரு பச்சை வாடை, நெய்ப்பும் இல்லை இனிப்பும் இல்லை. மாமா இரண்டு மணி வாயில் போட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "ஏம்மா, இது பயறா கூழாங்கல்லா?" பச்சைத் தேங்காய் வழுக்கைக்கும் கொப்பரைக்கும் உள்ள தூரம்தான் எடமாமேக்கும் காய்ந்த சோயாவுக்கும். சத்தில் குறை சொல்ல முடியாது. குழம்புக்கோ அடைக்கோ போகட்டும். அப்படிச் சமைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊறிய சோயாவைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெல்லச் சூடேற்றாமல், தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் நேராகப் போடுங்கள். அந்த வாடையைக் கிளப்புகிற நொதி உடனே அடங்கிவிடும். அரைவேக்காட்டில் எடுக்கவே கூடாது. வேகாத சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கிற பொருள் இருக்கிறது, வயிறு பாடாய்ப் படும்.

பட்டாணியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எங்கும் கிடைக்கும், நிறம் அழகு. ஆனால் தித்திப்பு, கடித்தால் நசுங்கிவிடும். சோயா சாஸோடு சேரும்போது பேக்கரிப் பப்ஸின் உள்ளே இருக்கிற மசாலா ஞாபகம்தான் வந்தது.

பச்சை மொச்சை வேறு கதை. மார்கழி பிறந்து மாசி வரை சந்தையில் குவிந்து கிடக்கும். பொங்கலுக்குச் சிறுகிழங்கோடும் பனங்கிழங்கோடும் சேர்ந்து வீட்டுக்கு வருவது இதுதான். கூட்டாஞ்சோற்றில் கை நிறைய மொச்சை போடாவிட்டால் எனக்கு அது கூட்டாஞ்சோறாகவே தோன்றாது. மணியின் அளவு, வாயில் வெண்ணெய் போலக் கரைகிற பதம், இரண்டிலும் எடமாமேக்கு மிகப் பக்கத்தில் வருவது இதுதான். திறந்த பாத்திரத்தில் கல் உப்புப் போட்டுப் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் வேகவிட்டால் போதும். குக்கர் வேண்டாம், ஒரு விசில் கூடிவிட்டால் களியாகிவிடும்.

ஆனால் மொச்சைக்கு இரண்டு குணம் உண்டு. ஒன்று, அதன் வாசனை. சோயா சாஸ், இஞ்சி, பூண்டு எல்லாவற்றையும் மீறி "நான் மொச்சை" என்று முன்னால் வந்து நிற்கும். எனக்குப் பிடிக்கும், மகளுக்குப் பிடிக்காது. இரண்டாவது, தோல். கொஞ்சம் முற்றிய மணியாக இருந்தால் தோல் தனியாக வாயில் நிற்கும். மாமாவின் பல்செட்டுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டு, அவர் எழுந்துபோய்க் கழற்றிக் கழுவிவிட்டு வந்துதான் மறுபடி சாப்பிட்டார். வெந்த பிறகு ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுத்தால் பிரச்சினை தீரும்; அப்போது இது அவசர சாலட் இல்லை, ஞாயிற்றுக்கிழமை சாலட்.

இப்போது அந்தப் பொறி. உப்பில் காயோடு அவித்து, பல்லில் இழுத்து, தோலைத் துப்பித் தின்பது. இதை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? சங்கரன்கோவில் பக்கம் எங்கள் ஊரில், துவரங்காய்!

எங்கள் ஊர் கரிசல்காடு. மார்கழிப் பனியில் துவரைச் செடி ஆளுயரம் நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காய் பிடித்த கிளையை ஒடித்துக்கொண்டு வருவோம். அம்மா காயை உருவிப் பானையில் போட்டு, ஒரு கை கல் உப்பு அள்ளிப் போட்டு அவித்துத் தருவாள். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு காயாக உருவித் தின்போம், தோல் ஒரு பக்கம் மலை போலக் குவியும். அந்தக் காய்த் தோலிலும் ரோமம் உண்டு, கொஞ்சம் பிசுபிசுப்பு உண்டு. கிளையோடு வந்த பயறு, மயிர்ப்பயறு என்று ஜப்பான்காரரும் சீனாக்காரரும் வைத்த இரண்டு பெயரையும் எங்கள் துவரங்காய்க்கு அப்படியே வைக்கலாம்.

சாலட்டுக்கு இரண்டு விதமாகவும் செய்தேன்: காயோடு அவித்து உரித்தது, உரித்துவிட்டு அவித்தது. காயோடு அவித்தால் இருபது நிமிடம் ஆகிறது, உப்பு உள்ளே இறங்கி மணி இனிப்பாக இருக்கிறது, உரிப்பதும் சுலபம். பச்சையாக உரிப்பதற்கு நகம் போய்விடும். மணி எடமாமேயில் பாதி அளவுதான் இருக்கும், ஆனால் தோல் மெலிசு, கடித்தால் ஒரு சின்ன எதிர்ப்பு, அப்புறம் மாவும் இனிப்பும். புரதம் வேகவைத்த நூறு கிராமுக்கு ஆறு கிராம் அளவில் வரும். எடமாமேயை எட்டாது, பட்டாணிக்கு மேல். மொச்சை போல வாசனையால் முண்டியடிப்பதும் இல்லை, சாஸ் ஊற்றியதும் அதற்கு வழிவிடுகிறது. மாமா ஒரு கிண்ணம் முடித்துவிட்டு, "இது நம்ம துவரங்காய்ல்லா? இதுக்கு எதுக்கு வெள்ளைக்காரன் மாதிரி ஸ்பூனு?" என்று கையால் அள்ளினார்.

வாங்கும்போது காயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மணி காயை முட்டிக்கொண்டு நிற்க வேண்டும், தோல் பச்சையாக இருக்க வேண்டும். தோலில் மஞ்சளோ தவிட்டு நிறமோ ஏறியிருந்தால் பருப்பாகிக்கொண்டிருக்கிறது. புழு ஓட்டை இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்; துவரைக்குக் காய்ப்புழு அதிகம், ஒரு கிலோவில் ஒரு கை அளவு தள்ளத்தான் வேண்டியிருக்கும்.

அவித்த நிலக்கடலையையும் விடவில்லை. பச்சைக் கடலையை உப்புப் போட்டு அவித்து உரித்தால் வருடத்தில் பல மாதம் கிடைக்கிற நல்ல மாற்று அது. புரதம் எடமாமேயைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கும். கொழுப்பும் சேர்ந்தே வருகிறது, நூறு கிராமில் இருபதைத் தாண்டும்; ஆகவே மேலே எண்ணெய் சேர்க்க வேண்டாம். பச்சை நிறம்தான் இல்லை. வெள்ளரிக்காயையும் மல்லித்தழையையும் தாராளமாகப் போட்டால் அந்தக் குறை தெரியாது.

பயறு இவ்வளவு. இனி சாஸ். உண்மையைச் சொன்னால், இந்தச் சாலட்டில் பாதிக்கு மேல் ருசியைத் தீர்மானிப்பது இதுதான். பயறை மாற்றினால் மன்னித்துவிடலாம், சாஸில் கோட்டைவிட்டால் சுண்டலில் கறுப்புத் தண்ணீர் ஊற்றியது போல ஆகிவிடும்.

சோயா சாஸில் டார்க், லைட் என்று இரண்டு உண்டு. நம் கடைகளில் ஃப்ரைடு ரைஸுக்காக வாங்குவது பெரும்பாலும் டார்க், அது நிறத்துக்கு. அதை ஊற்றினால் பச்சை மணியெல்லாம் கரிபிடித்தது போல நிற்கும். லைட் வாங்குங்கள். லைட் என்றதும் உப்புக் குறைவு என்று நினைத்துவிட வேண்டாம், நிறம்தான் லைட். ஒரு மேசைக்கரண்டி சாதாரண சோயா சாஸில் 900 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது. மாமா பங்குக்கு நான் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திவிட்டு எலுமிச்சையைக் கூட்டினேன். பயறு அவிக்கிற தண்ணீரிலும் உப்பு போட்டிருக்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் பாட்டிலைத் திருப்பிப் படிக்கவும். பெரும்பாலான சோயா சாஸில் கோதுமை உண்டு.

அடுத்து எண்ணெய். குறிப்புகளில் எள் எண்ணெய் என்று போட்டிருப்பதைப் பார்த்து, நம்மிடம் இல்லாததா என்று செக்கு நல்லெண்ணெயை ஊற்றினேன். இட்லிப் பொடி வாசம் வந்தது. குற்றம் எண்ணெயில் இல்லை. ஜப்பான், சீனா பக்கம் எள்ளை வறுத்துவிட்டு ஆட்டுகிறார்கள். நிறம் தேயிலைத் தண்ணீர் போல, வாசனை ஒரு சொட்டிலேயே எழும்பும். நாம் வறுக்காத எள்ளைக் கருப்பட்டி சேர்த்துச் செக்கில் ஆட்டுகிறோம். அதற்காக ஒரு சின்னப் பாட்டில் வாங்க வேண்டுமா? மாதம் இரண்டு முறைக்கு மேல் செய்வதாக இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால், ஒரு மேசைக்கரண்டி வெள்ளை எள்ளை வாணலியில் படபடவென்று வெடிக்கும் வரை வறுத்து, பாதியை உரலில் ஒன்றிரண்டாக இடித்து, இரண்டு தேக்கரண்டி வெதுவெதுப்பான நல்லெண்ணெயில் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். தொண்ணூறு சதவீதம் அந்த வாசனைக்கு வந்துவிடுகிறது. எனக்கு இதுவே போதும்.

புளிப்புக்கு அரிசி வினிகர் என்று இருக்கும். நம் கடை வெள்ளை வினிகர் அதற்கு மாற்று ஆகாது, மூக்கில் ஏறும். அதைத்தான் போடுவேன் என்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துளி இனிப்புச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் எலுமிச்சைக்கு மாறிவிட்டேன். புளியங்குடி எலுமிச்சை விளைகிற சீமையில் இருந்துகொண்டு அரிசி வினிகருக்கு அலைவது நியாயமாகப் படவில்லை. எலுமிச்சை பிழிந்தால் சாலட் ஜப்பானை விட்டுத் தாய்லாந்துப் பக்கம் நகர்ந்துவிடும் என்பது உண்மை. நகரட்டும். கூடவே ஒரு காந்தாரி மிளகாயைக் கீறிப் போட்டால் அந்த ஊர் இன்னும் பக்கத்தில் வந்துவிடும். இனிப்புக்குத் தேன் வேண்டாம். உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டி வெந்நீரில் கரைத்து அரைத் தேக்கரண்டி. சோயா சாஸின் புளித்த வாசனைக்கும் கருப்பட்டியின் புகை வாசனைக்கும் இப்படி ஒத்துப்போகும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

அளவு சொல்லிவிடுகிறேன். அவித்து உரித்த மணி இரண்டு கப்புக்கு: லைட் சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, எள் ஊறிய எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, கருப்பட்டிக் கரைசல் அரைத் தேக்கரண்டி, துருவிய இஞ்சி ஒரு தேக்கரண்டி, ஒரே ஒரு பூண்டுப் பல் நசுக்கியது. பூண்டு கூடினால் ஊறுகாய் வாடை அடிக்கும். காய் என்று பார்த்தால் வெள்ளரி, கேரட், இருந்தால் கொஞ்சம் ஊதா முட்டைக்கோஸ். வெங்காயத் தாள் கிடைக்காத நாளில் சின்ன வெங்காயத்தை மெலிசாக அரிந்து பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்தால் காரம் தணியும். வெள்ளரிக்காயில் விதைப் பகுதியை வழித்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கால் மணி நேரத்தில் கிண்ணத்தின் அடியில் குளம் கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. எலுமிச்சையைச் சாப்பிடப் போகிற நேரத்தில்தான் ஊற்ற வேண்டும். புளிப்புப் பட்டால் பச்சையம் மாறிப் பயறு காக்கி நிறத்துக்குப் போய்விடும். காலையில் கலந்து டப்பாவில் அடைத்து மத்தியானம் திறந்தவருக்கு இது தெரியும். அவிக்கும்போது பாத்திரத்தை மூடாமல் இருப்பதும், வடித்த உடனே தட்டில் பரப்பி ஆறவிடுவதும் அதே காரணத்துக்குத்தான். ஆபீஸுக்குக் கொண்டுபோகிறவர்கள் சாஸைத் தனி டப்பாவில் எடுத்துப் போங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் அவித்த பயறை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம், ஊசிப்போகும்.

சரி, எதை வாங்குவது? என் வீட்டில் மாதத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு. மார்கழி முதல் மாசி வரை துவரங்காய். அது கிடைக்காத வாரம் இளம் மொச்சை. அந்த மூன்று மாதமும் எடமாமே பாக்கெட்டுக்குக் காசு செலவழிக்க எனக்கு மனது வராது. மற்ற மாதங்களில் பச்சைக் கடலை வரத்து இருந்தால் கடலை. விருந்தாள் வருகிறார்கள், புரதக் கணக்குப் பார்க்கிற பிள்ளை வீட்டில் இருக்கிறது, அல்லது உண்மையாகவே பத்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் உரித்த எடமாமே பாக்கெட், அதுவும் நேரில் குலுக்கிப் பார்த்து வாங்கியது. ஃப்ரீசர் சரியாக உறையாத, அடிக்கடி கரண்டு போகிற வீடாக இருந்தால் அதையும் வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள், வாங்கிய அன்றே முடித்துவிடுங்கள். காய்ந்த சோயாவும் பட்டாணியும் இந்த வேலைக்கு ஆகாது. சோயாவும் கடலையும் எள்ளும் ஒவ்வாமை தரக்கூடிய பொருட்கள், விருந்தாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பரிமாறுங்கள்.

இந்த வாரம் சந்தையில் கடைசித் துவரங்காய். இரண்டு கிலோ வாங்கி, கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு எடுத்து, ஈரம் போகத் துடைத்து, உரித்து, தட்டில் பரப்பி உறைய வைத்து, அப்புறம் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். மேலே தேதி எழுதி ஒட்டியதைப் பார்த்துவிட்டு மாமா, "அது யாருக்கு?" என்றார். மகள் சித்திரைக்கு வருகிறாள் என்றேன். இரண்டு நாளில் ஒரு பையைக் காணோம்.